ஈரோட்டு டாக்டரின் இடது கை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த வருடம் முழுக்க ஒரு அட்டைப்பெட்டி உட்கார்ந்திருந்தது. தண்ணீர் பம்ப் வந்த பெட்டி. என் கணவருக்குப் பம்ப் செய்யும் சிறிய பட்டறை. அங்கிருந்து நானே தூக்கி வந்தேன். மேல்பக்கம் இரண்டு ஓட்டை போட்டு, ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட நீளமான இடுக்கிகள் இரண்டை அதில் சொருகியிருந்தேன். உள்ளே ஒரு மேசை விளக்கு. ஒரு பக்கத்தை வெட்டி, சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் படம் பிடிக்க என்று அவர் வாங்கிய வீடியோ கேமராவை அந்த வாயில் வைத்து, ஒயரை டீவியில் மாட்டினால் பெட்டிக்குள் நடப்பது திரையில் தெரியும். நான் பெட்டியைப் பார்க்கக் கூடாது, டீவியைத்தான் பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே உள்ளே இருக்கும் கொண்டைக்கடலையை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கே எனக்கு வேர்த்துக் கொட்டியது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. கோயமுத்தூரில் மகப்பேறு மருத்துவராக ஓரளவு பெயர் எடுத்திருந்தேன். கைராசிக்கார அம்மா என்று சொல்லிக்கொண்டு கொடுமுடியிலிருந்தும் பெருந்துறையிலிருந்தும் பஸ் ஏறி வருவார்கள். வயிற்றைத் திறந்து வேலை பார்ப்பதில் எனக்கு யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. விரல் பட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவேன். லேப்ராஸ்கோப்பி வந்து அந்த விரலைப் பிடுங்கிக்கொண்டது. தொப்புளில் ஒரு துளை, அதில் கேமரா. அடிவயிற்றில் இன்னும் இரண்டு துளை, அவற்றில் நீளக் கம்பிகள். கையை வலப்பக்கம் கொண்டுபோனால் உள்ளே முனை இடப்பக்கம் போகும். தூக்கினால் இறங்கும். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்று திரை சொல்லாது. இத்தனை வருடம் பழகிய கை, கம்பியைப் பிடித்ததும் முதல் வருட மாணவியின் கையாக மாறியது.

எனக்கு இயல்பிலேயே பொறுமை கிடையாது. பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்க மாட்டேன், இரண்டு வேலை பார்த்துவிட்டு வந்து பொங்கி வழிந்ததைத் துடைப்பேன். அப்படிப்பட்டவளுக்குக் கொண்டைக்கடலை. கடலை நழுவும்போதெல்லாம் நான் பெட்டியை ஒரு தட்டுத் தட்டுவேன். "பெட்டி என்ன பண்ணுச்சு அம்மணி, பாவம்" என்பார் என் கணவர், தட்டில் தோசையோடு சோபாவில் உட்கார்ந்தபடி. மேசையில்தான் இடம் இல்லையே.

எங்கள் ஆஸ்பத்திரி அந்தக் கருவிகளை வாங்கியதும், கற்றுக்கொடுக்க ஓர் இளைஞரை வேலைக்கு வைத்தார்கள். காரமடைப் பக்கத்துக்காரர். பம்பாயில் போய் இந்த வித்தையைப் படித்துவிட்டு வந்தவர். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். நிர்வாகம் ஒரே ஒரு விதி போட்டது: அவர் "தனியாகச் செய்யலாம்" என்று சொல்லும்வரை எங்களில் யாரும் தனியாக அந்தக் கம்பியைத் தொடக் கூடாது. பரீட்சை இல்லை, மதிப்பெண் இல்லை. அவர் வாய்ச்சொல் ஒன்றுதான் பரீட்சை.

அவர் நல்ல மனிதர். அதுதான் தொல்லையே. சின்னச் சின்ன ஆபரேஷன்களை அவர் பக்கத்தில் நிற்க நான் செய்வேன். முடிந்து கையுறையைக் கழற்றும்போது ஆவலோடு கேட்பேன், எப்படி இருந்தது என்று.

"பரவாயில்லீங்க மேடம்" என்பார்.

முதல் தடவை எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் தடவை சந்தேகம் வந்தது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது. பரவாயில்லை என்றால் என்ன? நன்றாக இருந்தது என்றா? மோசம், ஆனால் இந்தத் தடவை தப்பித்துக்கொண்டோம் என்றா? வருத்தப்படாதீர்கள் என்றா? எங்கள் ஊரில் அந்த ஒரே சொல்லை இந்த மூன்றுக்கும் வைத்துக்கொள்வார்கள், கூடவே ஒரு "ங்க"வும் போட்டுவிடுவார்கள். அந்த "ங்க" வந்து உட்கார்ந்ததும் மேற்கொண்டு கேட்க முடியாது.

என் கணவரிடம் கேட்டேன். "எங்க லைன்ல பார்ட்டி மோட்டாரப் பாத்துப்போட்டு 'பரவாயில்லீங்க'ன்னா, ஆர்டர் நமக்கு இல்லேன்னு அர்த்தம்" என்றார். அன்றைக்கு அவருக்குத் தோசை கருகித்தான் வந்தது.

எனக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் அவசரமாகத் தேவைப்பட்டது. காரணம், பெருந்துறைப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண். விசைத்தறி ஓட்டுகிறவள், இருபத்தைந்து வயதுகூட நிரம்பாதவள். முந்தின வருடம் அவளுக்குக் கரு கர்ப்பப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கி வெடித்துவிட்டது. வெளுத்துப்போய் வந்தாள். நான்தான் வயிற்றைத் திறந்து அந்தக் குழாயையும், அந்தப் பக்கத்துச் சினைப்பையையும் எடுத்து அவளைப் பிழைக்க வைத்தேன். இப்போது மிச்சமிருந்த ஒரே சினைப்பையில் ஒரு கட்டி. கட்டியை எடுத்தாக வேண்டும். சினைப்பையோ பிழைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்குக் குழந்தை என்ற பேச்சே இல்லை.

"மறுக்காவும் வயித்தக் கிழிச்சுப்போடாதீங்கம்மா" என்றாள். "போன தடவ தறிக்குப் போறதுக்கே ரொம்ப நாளாயிருச்சு. டீவி வெச்சு ஓட்டை போட்டுப் பண்றாங்களாமே, அதுல பண்ணுங்க. ஆனா நீங்கதான் பண்ணோணும்."

"அதுக்குன்னு படிச்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார் கண்ணு."

"அவருக்குக் கைராசி எப்பிடீன்னு எனக்குத் தெரியாதுங்களே" என்றாள்.

ஆடி முடிந்து வருகிறேன் என்று போனாள். ஆடியில் அவர்கள் வீட்டில் ஆபரேஷனுக்குச் சம்மதிக்க மாட்டார்கள். எனக்குக் கிடைத்த அவகாசம் அதுதான். அவள் வயிற்றில் கட்டி வளர்ந்துகொண்டிருக்க, நான் சாப்பாட்டு மேசையில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தேன். கடலையிலிருந்து திராட்சைக்கு முன்னேறினேன். திராட்சையின் தோலை, சதை பிய்யாமல் கம்பியால் உரிக்க வேண்டும். கட்டியின் உறையைச் சினைப்பையிலிருந்து உரிப்பதற்கு அதுதான் பயிற்சி. கிண்ணம் கிண்ணமாகக் கூழ் ஆனது. நடுராத்திரியில் அல்ல, பட்டப்பகலில் நோயாளியிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே என் விரல்கள் மேசைக்கடியில் திராட்சை உரித்துக்கொண்டிருக்கும். கர்ப்பிணி ஒருத்தி, "டாக்டரம்மாவுக்குக் கை நடுங்குதுங்களா?" என்று கேட்டே விட்டாள்.

ஒருநாள் காண்டீனில் அந்த இளம் டாக்டரைப் பிடித்து உட்காரவைத்தேன். "தம்பி, ஒளிக்காமல் சொல்லுங்கள். நான் எதில் தப்பு பண்ணுகிறேன்?"

காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். "நீங்க சீனியருங்க மேடம். உங்களுக்கு நான் என்னத்தச் சொல்றது? பழகப் பழக வந்துருமுங்க."

"எனக்கு எதில் வரவில்லை என்று கேட்கிறேன்."

"பரவாயில்லீங்க மேடம்" என்று எழுந்தே போய்விட்டார். காபி அப்படியே இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அதையும் சேர்த்து நானே குடித்தேன்.

அந்தக் கோபத்தில்தான் யோசனை வந்தது. எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் திரையில் தெரிவதை வீடியோ கேசட்டில் பதிவு செய்ய வசதி இருந்தது. திரையில் கம்பி தெரியும், சதை தெரியும். கம்பியைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைமேட்டில் வழக்கமாகக் கறி வாங்கும் கடையில் ஆட்டின் கர்ப்பப்பை வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அத யாரும் கேக்க மாட்டாங்களே டாக்டரம்மா. கொழம்புக்கா?" என்றார். படிப்புக்கு என்றேன். "இன்னுமா படிக்கிறீங்க?" என்றவர் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

ஆளில்லாத தியேட்டரில், தியேட்டர் சிஸ்டர் மட்டும் உதவிக்கு நிற்க, பயிற்சிப் பெட்டிக்குள் அந்தக் கர்ப்பப்பையை வைத்து, அதன் மேல் ஒட்டியிருந்த சவ்வை உரித்து எடுத்தேன். ரத்தக்கசிவை நிறுத்த மின்சாரத்தால் சுடும் கருவி ஒன்று உண்டு. காலடியில் பெடல், அழுத்தினால் கம்பி முனை சுடும். அதையும் நிஜத்தில் செய்வதுபோலவே செய்தேன். முழுவதும் கேசட்டில் பதிந்தது. சிஸ்டரிடம் ஒரே ஒரு பொய் சொல்லச் சொன்னேன். அவளுக்கு அதில் என்னைவிட உற்சாகம்.

மறுநாள் மதியம் டாக்டர்கள் அறையில் அந்த இளம் டாக்டர் டிபன் டப்பாவைத் திறக்கும்போது சிஸ்டர் கேசட்டைப் போட்டாள். "ஈரோட்டுல ஒரு டாக்டருங்க. அவரு பழகறதப் பாத்து உங்க அபிப்பிராயம் சொல்லோணுமாம். பேரு சொல்ல வேண்டாம்னுட்டாருங்க."

நான் பின்னால் ஒரு நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவர் சாய்ந்து உட்கார்ந்தார். அவரை அப்படிச் சாவகாசமாக நான் பார்த்ததே இல்லை. ஒரு வாய் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். "வலது கை நல்லாத்தான் போகுது. எடது கையப் பாருங்க மேடம், தூங்குது. ஒரு எடத்தப் புடிச்சா அதையே புடிச்சுட்டு நிக்குது. நகத்தவே மாட்டீங்கறாரு."

"ஓ" என்றேன்.

"ஐயோ, ஏன் இப்பவே சுடறாரு? என்ன இருக்குன்னு இன்னும் பாக்கவே இல்லியே." டப்பாவை மூடி வைத்துவிட்டார். "பாருங்க, மறுபடியும். பெடல்லயே கால வெச்சுட்டு நிக்கறான். பாக்கறதுக்கு முன்னாடி சுட்டர்றான்."

"இவர்" இவனாகிவிட்டார். எனக்குக் காது இரண்டும் சூடேறியது. பேப்பரில் ஒரு எழுத்தும் தெரியவில்லை.

"பழைய கைங்க மேடம் இது. வயித்தத் தொறந்து நெறையாப் பண்ணியிருப்பாரு. அந்தத் தெனாவெட்டு தெரியுது. ஆட்டுக்கு என்ன, போனாப் போகுது. இது ஒரு புள்ளையோட சினைப்பையா இருந்தா, கட்டியோட சேந்து முட்டையும் வெந்திருக்கும். நானா இருந்தா இவர இப்போதைக்கு ஆபரேஷனுக்கு உள்ளயே உட மாட்டேன்."

சிஸ்டர் ஏதோ போன் வந்ததுபோல வெளியே ஓடிவிட்டாள். போன் அடிக்கவேயில்லை.

"அது நான்தான் தம்பி" என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். திரையில் நான் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் வந்த பயத்தை இப்போது நினைத்தாலும் பாவமாக இருக்கிறது. டீவியை அணைத்துவிட்டுச் சொன்னார்:

"பரவாயில்லீங்க மேடம்."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. நான் வீட்டுக்குப் போய்விட்டேன். அவமானமாக இருந்தது, ஆத்திரமாக இருந்தது. நேற்றுப் படித்துவிட்டு வந்த பையனுக்கு என் கையைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு நாள் முழுக்கப் பொருமினேன். தெரிந்துதான் இருந்தது, அதுதான் குடைந்தது. அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. பெடலில் கால் இருந்தது எனக்கே தெரியாது. இத்தனை மாதம் பக்கத்திலேயே நின்று அவர் அத்தனையையும் பார்த்திருக்கிறார், மரியாதைக்காக முழுங்கியிருக்கிறார்.

அடுத்த நாள் அவர் என்னைக் கண்டதும் வேறு வராண்டாவில் திரும்பினார். துரத்திப் பிடித்தேன்.

"அந்த ஈரோட்டு டாக்டர் போன் பண்ணினார். இடது கையை எப்படி எழுப்புவது என்று கேட்டார்."

ஒரு நொடி என்னையே பார்த்தார். முகம் மெல்லத் தெளிந்தது. "அவருகிட்டச் சொல்லுங்க மேடம்" என்றார். "வலது கையக் கட்டிப்போட்டு, ஒரு வாரம் எடது கையிலயே கடலை பொறுக்கச் சொல்லுங்க. கால மடிச்சு நாற்காலி மேல சம்மணம் போட்டு உக்காந்து பழகச் சொல்லுங்க. கால் கீழ இருந்தாத்தான அழுத்துவாரு?"

அன்றிலிருந்து எங்களுக்குள் அந்த ஈரோட்டு டாக்டர் ஒருவர் வாழ ஆரம்பித்தார். எனக்கு எப்போதும் "பரவாயில்லீங்க மேடம்". அவருக்குத்தான் திட்டெல்லாம். ஒவ்வொரு வாரமும் அவர் பெயரில் கேசட் போகும், பதில் என் வழியாக வரும். "நூல் முடிச்சுப் போடறதுக்குள்ள அவருக்குப் பஸ்ஸு போயிருமாட்ட இருக்குது, கொஞ்சம் நிதானிக்கச் சொல்லுங்க." "முனையக் கண்ணுல இருந்து மறைய உடக் கூடாதுன்னு எத்தன தடவைங்க மேடம் அவருக்குச் சொல்றது?" மற்ற டாக்டர்கள் அந்த ஈரோட்டுக்காரரை நிஜமென்றே நம்பி, இவ்வளவு திட்டு வாங்கிக்கொண்டு எப்படித்தான் கற்றுக்கொள்கிறாரோ என்று அனுதாபப்பட்டார்கள். நான் வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடது கையால் கடலை பொறுக்கினேன். ஆடி பாதி தாண்டியபோது, "அவரு முன்னைக்கு இப்பத் தேவலீங்க" என்று செய்தி வந்தது. எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

ஆவணி பிறந்தது. பெருந்துறைப் பெண் வந்தாள். ஸ்கேனில் கட்டி பெரிதாகியிருந்தது. இனி தள்ள முடியாது. இளம் டாக்டரிடம் சொன்னேன்.

"நீங்களே தனியாப் பண்ணலாமுங்க மேடம். நான் சும்மா பக்கத்துல நிக்கறேனுங்க" என்றார்.

நான் இத்தனை மாதமாக எதற்காகத் தவித்தேனோ அந்த வார்த்தை வந்துவிட்டது. ஆனால் அது எனக்குச் சொன்ன வார்த்தை. ஈரோட்டு டாக்டர் இந்த ஆபரேஷனைச் செய்யலாமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று பயம்.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் வார்டுக்குப் போனேன். அவள் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். சுளையின் மேலிருந்த நாரைக்கூடப் பிய்யாமல் எடுத்துக்கொண்டிருந்தாள். என் கண் அவளுடைய இடது கைக்குத்தான் போனது. இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்தன. தறியில் அறுந்த நூலை முடிகிற கை.

"ஏனுங்கம்மா, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளு கண்ணு."

"உங்களுக்கு இது நல்லா வருமுங்களா?"

நன்றாக வரும், நீ பயப்படாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருபது வருடமாக எத்தனையோ பேருக்குச் சொன்னதுதான்.

"பரவாயில்ல கண்ணு" என்றேன்.

அவள் உரிப்பதை நிறுத்தினாள். பெருந்துறைக்காரிக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் யாரும் சொல்லித்தர வேண்டாம். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு சுளையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"அப்ப அந்த டாக்டரே பண்ணட்டுங்க. நீங்க உள்ளார இருங்க. நீங்க இருந்தாப் போதும்."

அவர் செய்தார். நான் கேமராவைப் பிடித்தேன். கேமரா பிடிப்பவர் அசையக் கூடாது. பிடிப்பவர் மூச்சு விட்டால்கூடத் திரை ஆடும். ஓரிடத்தில் நிற்கத் தெரியாத எனக்கு வாய்த்த வேலை அது. மணிக்கட்டு வலித்தது, தோள் மரத்தது. கட்டியின் உறை சினைப்பையை விட்டு மெல்ல மெல்லக் கழன்று வந்தது. அவருடைய இடது கை ஒவ்வோர் இழுப்புக்கும் இடம் மாற்றிப் பிடித்துக்கொண்டே வந்தது. ஓரிடத்தில் ரத்தம் கசிந்தது. என் வலது பாதம் தானாகத் தரையை அழுத்தியது. அங்கே பெடல் இல்லை. அவர் சுடவில்லை. தண்ணீர் விட்டுக் கழுவி, பார்த்து, காத்திருந்தார். கசிவு தானாக நின்றது. நான் சுட்டிருப்பேன். அந்த இடத்தை நான் நிச்சயம் சுட்டிருப்பேன். பொறாமையும் நிம்மதியும் ஒன்றாக வந்தன.

"மேடம், கொஞ்சம் கிட்டக்க வாங்க" என்றார் அவர். போனேன்.

மறுநாள் அவள் போர்வையை விலக்கி, பழைய நீளத் தழும்புக்குப் பக்கத்தில் இருந்த சின்னச் சின்னப் பிளாஸ்திரிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சினைப்பை நல்லாயிருக்கு கண்ணு. அவர்தான் பண்ணினார். நான் கேமரா மட்டும் பிடித்தேன்." சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவாயில்லீங்கம்மா" என்றாள். குரலைத் தாழ்த்தி, "ஊருல ஆரு கேட்டாலும் நீங்கதான் பண்ணுனீங்கன்னு சொல்லிப்போடறேன். உங்க பேரு கெட உட மாட்டேன்" என்றாள்.

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். சரிங்க சரிங்க என்று தலையாட்டினாள்.

அந்த மாதம் முடிவதற்குள் பெருந்துறையிலிருந்து ஒரு பெண் மாமியாரோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்கும் கட்டி. மாமியார்தான் பேசினார். "டீவி ஆபரேஷன்ல உங்களாட்ட ஆருக்கும் கை வராதுன்னு எங்க தறிக்கார புள்ள சொல்லுச்சுங்க. ஊட்ல எல்லாத்தையும் கேட்டுப்போட்டுத்தானுங்க வந்தோம். நீங்கதான் பண்ணோணும்."

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றினேன். நாற்காலியில் ஏறிச் சம்மணம் போட்டேன். என் கணவர் தட்டை எடுத்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் சோபாவுக்குப் போனார். நான் டீவியைப் போட்டு, இடது கையில் கம்பியைப் பிடித்து, முதல் கடலையைத் தேடினேன்.